முதல் பெயருக்காகக் காத்திருக்கும் ஊர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது பிட்ஸ்பர்க் நகரம். 1970களில் பென் ஹில்ஸ் பகுதியில் எழுந்த வேங்கடேசுவரர் கோயிலால் நம்மவர் பலருக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும். 2006ஆம் ஆண்டு முதல் நான் அங்கு வாழ்ந்து வருகிறேன். அந்த ஊரின் பேஸ்பால் அணியான பைரேட்ஸின் ரசிகர்கள், ஒரு பந்துகூட வீசப்படாத ஒரு நிகழ்ச்சிக்காக ஆண்டுதோறும் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

அந்த நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களிலிருந்தும், கல்லூரியில் மூன்றாண்டு ஆடியவர்களிலிருந்தும் தொழில்முறை அணிகள் தமக்கு வேண்டியவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி அது. ஐ.பி.எல். ஏலத்தை மனத்தில் வைத்துக் கேட்பவர்களுக்குப் பாதிதான் விளங்கும். ஏனென்றால் இங்கே ஏலம் கேட்பது கிடையாது. முப்பது அணிகளும் தத்தம் முறை வரும்போது ஒரு பெயரைச் சொல்கின்றன. ஓர் அணி சொல்லிவிட்ட இளைஞனோடு அந்த ஆண்டு வேறு எந்த அணியும் பேச முடியாது. இப்படி இருபது சுற்றுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் சொல்லப்படுகின்றன. முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை என்பதே இதன் அடிப்படை. 1965ஆம் ஆண்டு இந்த முறை தொடங்குவதற்கு முன்பு, கையில் பணம் வைத்திருந்த அணிகள் திறமையுள்ள பையன்களையெல்லாம் வீடு தேடிப் போய் வாங்கிக்கொண்டிருந்தன. எளிய அணிகளும் பிழைக்கட்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது.

பைரேட்ஸ் எளிய அணிதான். நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலீஸையும் போலப் பெரும் பணம் கொடுத்து, புகழின் உச்சியில் இருக்கும் ஆட்டக்காரரை வாங்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆனால் டிராஃப்டில் எடுத்து வளர்த்த ஆட்டக்காரர், மேஜர் லீக் என்னும் முதல்நிலைப் போட்டிகளில் ஆறு பருவங்களைக் கடக்கும்வரை எடுத்த அணிக்கே உரியவர். ஆகவே ஒரு பெரிய ஆட்டக்காரர் எங்கள் ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுவதைப் பார்க்க வேண்டுமானால், அவர் இன்னாரென்று நாடு அறிவதற்கு முன்பே அவரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். எங்கள் ஊர் ரசிகர் டிராஃப்டுக்கு ஏன் அப்படித் தவிக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நான் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த காலத்தில் பைரேட்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தது. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது பருவங்களில், வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களே அதிகம். வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுகளில் வேறெந்த அணியும் இவ்வளவு நீண்ட தோல்வியைக் கண்டதில்லை. என் பக்கத்து வீட்டில் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். மே மாதம் பிறந்துவிட்டால் அவர் அன்றைய ஆட்டத்தின் முடிவைப் பற்றிப் பேசமாட்டார். கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாணவன் எப்படிப் பந்து வீசுகிறான், ஃபுளோரிடாவில் இன்னொருவன் எவ்வளவு வேகமாக ஓடுகிறான் என்பதையே பேசுவார். அவரிடம் கோடு போட்ட பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டுக்கு முந்தைய இரவு, அணி யாரை எடுக்க வேண்டும் என்று தாம் எண்ணுகிறாரோ அவர் பெயரை இடப்பக்கம் எழுதி வைப்பார். மறுநாள் அணி எடுத்தவரின் பெயரை வலப்பக்கம் எழுதுவார். பேஸ்பால் ரசனையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நோட்டுதான் என்று சொல்லலாம்.

2007ஆம் ஆண்டுப் பக்கத்தை அவர் எனக்குக் காட்டியது நினைவிருக்கிறது. டிராஃப்ட் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான ஆண்டு அது. நான்காவது இடத்தில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பைரேட்ஸுக்கு வந்தது. மேட் வீட்டர்ஸ் என்ற கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர், அப்போது இன்னும் எடுக்கப்படாமல் இருந்தார். ஊரே அவரைத்தான் எதிர்பார்த்தது. அணி சொன்ன பெயர் டேனியல் மாஸ்கோஸ் என்னும் பந்து வீச்சாளருடையது. அடுத்த இடத்திலிருந்த பால்டிமோர், வீட்டர்ஸை எடுத்துக்கொண்டது. வீட்டர்ஸ் கேட்கக்கூடிய தொகைக்கு அஞ்சியே அணி ஒதுங்கிவிட்டதாக ரசிகர்கள் கருதினார்கள். அந்தச் சினம் பல ஆண்டுகள் ஆறவில்லை. மாஸ்கோஸ் மீது எவருக்கும் பகை இருந்ததில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். தம்மைத் தேர்ந்தெடுங்கள் என்று அந்த இளைஞர் யாரிடமும் கேட்கவில்லை. தோல்வியைப் பொறுத்துக்கொண்ட மக்கள், தோல்விக்கு ஈடாகக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் அணி முழு மனத்தோடு பயன்படுத்தவில்லையே என்றுதான் நொந்தார்கள்.

இதற்கு நேர்மாறானது 2011. அந்த ஆண்டு முதல் இடமே எங்களுக்குக் கிடைத்தது. கெரிட் கோல் என்ற பந்து வீச்சாளரை அணி எடுத்தது. 2008இல் நியூயார்க் யாங்கீஸ் தம்மை எடுத்தபோது அதை ஏற்காமல் கல்லூரிக்குப் போனவர் அவர். எங்கள் தெருவைத் திகைக்க வைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். டல்லாஸைச் சேர்ந்த ஜோஷ் பெல் என்ற பள்ளி மாணவர், தாம் கல்லூரிக்கே போகப் போவதாகவும் தம்மை யாரும் எடுக்க வேண்டாம் என்றும் அணிகளுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். இரண்டாம் சுற்றில் பைரேட்ஸ் அவர் பெயரைச் சொல்லி, ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து மனத்தை மாற்றியது. அதுவரை இரண்டாம் சுற்று ஆட்டக்காரர் எவருக்கும் அவ்வளவு தொகை கிடைத்ததில்லை. மறு ஆண்டிலிருந்து ஒவ்வோர் அணியும் டிராஃப்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்கு வரம்பு வந்தது. எங்கள் அணி துணிந்து செலவழித்ததுதான் அதற்குக் காரணம் என்று பெரியவர் இன்றும் நம்புகிறார்.

அந்த வரம்பு வந்தபின் ரசிகர்கள் கணக்கும் படிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு மதிப்பு உண்டு. முதலில் எடுத்தவர் அந்த மதிப்பைவிடக் குறைவான தொகைக்கு இசைந்தால், மிச்சத்தைக் கொண்டு பின்சுற்றுகளில் விலையுயர்ந்த பள்ளி மாணவர்களை இழுக்கலாம். 2021இல் பைரேட்ஸ் அதைத்தான் செய்தது. முதல் இடத்தின் மதிப்பு 84 லட்சம் டாலருக்கு மேல். கேட்சர் ஹென்றி டேவிஸுக்கு அது 65 லட்சம் கொடுத்தது. மூன்றாம் சுற்றில் எடுத்த பப்பா சாண்ட்லர் என்னும் பந்து வீச்சாளருக்கு 30 லட்சம் கொடுக்க முடிந்தது. சிக்கனமா, சாதுரியமா என்று வீட்டுக்கு வீடு வழக்காடினார்கள். குடும்பத்தில் மூத்தவன் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இளையவர்களைப் படிக்க வைக்கலாம் என்று கணக்குப் போடும் நம் வீடுகள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன.

இவ்வளவு கணக்குக்கும் அப்பால், முன்கூட்டி அறிதல் என்பது எவ்வளவு அரிது என்பதை டிராஃப்டின் வரலாறே காட்டுகிறது. 1966இல் நியூயார்க் மெட்ஸ் முதல் பெயராக ஸ்டீவ் சில்காட்டைச் சொன்னது. அவர் மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த பெயராகச் சொல்லப்பட்டவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ரெஜி ஜாக்சன். 2016ஆம் ஆண்டு பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இருவர் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் 1987இன் முதல் பெயரான கென் கிரிஃபி ஜூனியர். மற்றவர் மைக் பியாட்சா; 1988இல் 62ஆம் சுற்றில், 1,389 பேர் எடுக்கப்பட்ட பிறகு, தந்தையின் நண்பருக்காகச் சலுகையாக எடுக்கப்பட்டவர். ஒரே நாளில் ஒரே மேடையில் இருவரும் நின்றார்கள். தேர்ச்சி பெற்ற ஸ்கவுட்டுகள், அதாவது ஊர் ஊராக அலைந்து இளம் ஆட்டக்காரர்களை எடைபோடும் தொழிலாளர்கள், இப்படித் தவறும்போது ரசிகர் தவறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தியாவிலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு இளைஞர்களை 2008இல் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். அமெரிக்கா, கனடா, புவெர்ட்டோ ரிக்கோவில் இருப்பவர்களுக்கே டிராஃப்ட் என்பதால் அவர்கள் அந்த வழியில் வரவில்லை. எனினும் அந்தக் குளிர்காலத்தில் என்னைப் பார்த்தவர்களெல்லாம், அவ்விருவரும் என் உறவினரோ என்பது போல நலம் விசாரித்தார்கள்.

அறுவடையும் ஒரு நாள் வந்தது. 2013 அக்டோபர் முதல் தேதி, 21 ஆண்டுகளுக்குப் பிறகு பிட்ஸ்பர்க்கில் பருவ முடிவுக்குப் பிந்தைய, முன்னணி அணிகளுக்கு மட்டுமான ஆட்டம் ஒன்று நடந்தது. அரங்கம் முழுவதும் கறுப்புச் சட்டை. அந்த அணியைப் பெரியவர் தம் நோட்டிலிருந்தே வாசித்துக் காட்டினார்: 2004இல் எடுத்த நீல் வாக்கர், எங்கள் ஊரை ஒட்டியே வளர்ந்த பையன், 2005இல் பதினோராவது பெயராக எடுத்த ஆண்ட்ரூ மெக்கட்சன், அந்த ஆண்டு, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெறவிருந்தவர், 2008இல் எடுத்த பெட்ரோ அல்வாரெஸ், 2011இன் கெரிட் கோல். பின்னர் 2018 ஜனவரியில், சில நாள் இடைவெளியில், கோலும் மெக்கட்சனும் வேறு அணிகளுக்கு மாற்றப்பட்டார்கள். பெரியவர் நோட்டின் புதிய பக்கத்தைத் திறந்தார்.

2022 டிசம்பரில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே தோற்பதைத் தடுப்பதற்காக, முதல் ஆறு இடங்களைக் குலுக்கலில் தீர்மானிக்கும் முறை அப்போதுதான் அறிமுகமாயிற்று. அந்தப் பருவத்தில் 100 ஆட்டங்கள் தோற்றிருந்த பைரேட்ஸுக்கு முதல் இடம் கிடைக்க நூற்றுக்குப் பதினாறரை பங்கு வாய்ப்பு இருந்தது, குலுக்கலில் வென்றோம். அன்று தொடங்கி ஜூலை 9 வரை ஏழு மாதங்கள் ஊரில் ஒரே கேள்விதான். லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் இருவர் இருந்தார்கள். டிலன் க்ரூஸ் நம்பகமான மட்டையாளர். அந்தப் பருவத்தில் அவருடைய அடிச் சராசரி .426, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 426 வெற்றிகரமான அடி என்ற கணக்கு. பால் ஸ்கீன்ஸ் விமானப்படைக் கல்லூரியில் கேட்சராகவும் பந்து வீச்சாளராகவும் ஆடிவிட்டு அங்கு மாறி வந்தவர். மணிக்கு நூறு மைல் வேகத்தில், அதாவது நூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில், வீசக்கூடியவர். அந்தப் பருவத்தில் 209 பேரை மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது மூன்று முறை தவறவைத்து, வெளியேற்றியவர்.

எதிர்காலம் தெரியாத நிலையில் அறிவுள்ள மனிதர்கள் எப்படி வாதிடுவார்கள் என்பதை அந்த ஏழு மாதங்களில் பார்த்தேன். பந்து வீச்சாளரின் முழங்கை எந்த நாளும் கிழிந்துபோகலாம், அவர் ஐந்து நாளுக்கு ஒரு முறைதான் களத்தில் இறங்குவார், மட்டையாளரோ நாள்தோறும் ஆடுவார் என்றார்கள் க்ரூஸின் பக்கம் நின்றவர்கள். இப்படிப்பட்ட பந்து வீச்சாளர் ஒரு தலைமுறைக்கு ஒருவர்தான் வருவார், அவரை வேறெந்த வழியிலும் இந்த ஊரால் பெற முடியாது என்றார்கள் மற்றவர்கள். ஜூன் மாதம் ஒமாஹாவில் கல்லூரி அணிகளுக்கான இறுதிக்கட்டப் போட்டியில், வேக் ஃபாரஸ்ட் அணிக்கு எதிராக ஸ்கீன்ஸ், ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் வரை ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 120 பந்துகள் வீசினார். அந்த இரவு எங்கள் தெருவில் பல வீடுகளில் விளக்கு அணையவில்லை. எங்களுக்கு இன்னும் உரியவராகாத, உரியவராவார் என்ற உறுதியும் இல்லாத ஒரு இருபத்தொரு வயதுப் பையனின் கைக்காக, இவ்வளவு பந்துகளை வீச விடுகிறார்களே என்று பெரியவர் பதறினார். அந்தப் பதற்றத்தில் எனக்கு எந்த மிகையும் தெரியவில்லை. அணியின் சட்டையைப் போட்டுக்கொண்ட பிறகு ஒருவரைக் கொண்டாடுவது எவருக்கும் எளிது. அதற்கு முன்பே அவருக்காகக் கவலைப்படுவதில்தான் அந்த ஊரின் அன்பை நான் கண்டேன்.

சியாட்டிலில் முதல் பெயர் அறிவிக்கப்பட்டது: பால் ஸ்கீன்ஸ். இரண்டாவதாக வாஷிங்டன், க்ரூஸை எடுத்தது. ஒரே கல்லூரி அணியின் இருவர் முதலிரு பெயர்களாக வந்தது அதற்கு முன் நடந்ததில்லை. 92 லட்சம் டாலர், அதுவரை டிராஃப்டில் கொடுக்கப்பட்டவற்றிலேயே பெரிய தொகை, எங்கள் அணி கொடுத்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நோட்டுப் பக்கத்தின் காயம் அன்றுதான் எனக்கும் ஆறியது. 2024 மே 11 அன்று ஸ்கீன்ஸ் முதன்முதலாக எங்கள் அரங்கில் பந்து வீசினார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது வந்தது. மறு ஆண்டு தேசிய லீகின் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதும் வந்தது. அந்த விருதாண்டில் அவர் கணக்கில் வெற்றி பத்து, தோல்வியும் பத்து. ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்னுக்கும் குறைவாகக் கொடுத்தவருக்கு அவ்வளவு தோல்வி என்றால், அவருக்காக ரன் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று பொருள். ஆகவே காத்திருப்பு ஓயவில்லை. இப்போது மட்டையாளருக்காகக் காத்திருந்தோம்.

2024 ஜூலையில் ஒன்பதாவது இடம் எங்களுடையது. மிசிசிப்பியைச் சேர்ந்த பள்ளி மாணவர் கானர் கிரிஃபின் அதுவரை எடுக்கப்படாமல் இருந்தார். ஓட்டத்திலும் தோள் வலிமையிலும் குறை சொல்ல முடியாதவர், ஆனால் தொழில்முறைப் பந்து வீச்சை அவர் மட்டை தாங்குமா என்பது பலருக்கும் ஐயம். பெரியவருக்கும் அதே ஐயம்; இடப்பக்கத்தில் கல்லூரி மட்டையாளர் ஒருவரின் பெயரை எழுதியிருந்தார். அணி கிரிஃபின் பெயரைச் சொன்னது. அடுத்த ஒரே ஆண்டில், மேஜர் லீகுக்குக் கீழுள்ள மைனர் லீகின் மூன்று நிலைகளில் ஆடி, நாட்டின் இளம் ஆட்டக்காரர்களைத் தரவரிசைப்படுத்துவோர் முதலிடத்தில் வைத்துப் பேசும் அளவுக்கு அந்தப் பையன் உயர்ந்தான். சென்ற முறை நான் பெரியவரைப் பார்த்தபோது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். இடப்பக்கத்துப் பெயரை அவர் அடிக்கவில்லை. வலப்பக்கத்தில் கிரிஃபினின் பெயருக்குக் கீழே, பென்சிலால், அந்தப் பையனின் பிறந்த தேதியைக் குறித்து வைத்திருந்தார்.