மீட்டெடுத்த போர்விமானம்: எழும்புமுன் பார்க்க வேண்டியவை

அவையோருக்கு வணக்கம்.

1942 ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை. இரத்மலானையிலிருந்தும், இங்கே கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையிலிருந்தும் ஹரிக்கேன் போர்விமானங்கள் எழும்பி ஜப்பானிய விமானங்களை எதிர்த்தன. அந்தக் காலத்து விமானங்களில் இன்றும் பறப்பவை மிகச் சில. அவை பறக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆபத்தின் பெரும்பகுதி தரையிலேயே தொடங்குவதால், அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் சூடு. பிரித்தானியப் போர்விமானமான ஸ்பிற்ஃபயரின் தொடக்ககால வகைகளில், எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேற்றர் வலது இறக்கைக்குக் கீழே மட்டும்தான். இறங்கி நிற்கும் சக்கரக் காலே அதற்குப் போகும் காற்றை மறைக்கும். இங்கிலாந்துக் குளிரிலேயே ஓடுபாதை முனையில் சில நிமிடம் நின்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் கொதிநிலையை நெருங்கும். நமது சித்திரை வெயிலில் கேட்கவா வேண்டும்? பாதை காலியா என்று கேட்டறிந்த பிறகே எஞ்சினை இயக்குங்கள். வெப்பமானியின் முள் ஏறினால் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்புங்கள். அப்போதும் இறங்காவிட்டால் அணைத்துவிடுங்கள்.

மேர்லின் எஞ்சின் பூட்டிய ஸ்பிற்ஃபயர் எழும்பும்போது இடப்பக்கம் இழுக்கும். கிறிஃபன் எஞ்சின் பூட்டியதில் புரொப்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றுவதால் இழுப்பு வலப்பக்கம். பழக்கதோஷத்தில் சுக்கான் ட்ரிம்மை, அதாவது இழுப்பைச் சமாளிக்கச் சுக்கானை ஒருபக்கமாகச் சாய்த்து வைக்கும் அமைப்பை, மாற்றித் திருப்பி வைத்தால், விமானம் பாதையை விட்டு விலகும்.

இனி மக்னீற்றோ, அதாவது எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின் தரும் கருவி. 2019 ஒக்ரோபர் 2இல் அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில், பயணிகளை ஏற்றிய பி-17 குண்டுவீச்சு விமானம் எழும்பிய சில நிமிடங்களில் திரும்பிவந்து தரையில் மோதியது. இருந்த 13 பேரில் 7 பேர் இறந்தார்கள். நான்காம் எஞ்சினில் ஒரு மக்னீற்றோவின் வயர் சரியாகப் பூட்டப்படாமல் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கம்பியே மின்னை மக்னீற்றோவின் உலோகக் கூட்டுக்குக் கடத்தி மக்னீற்றோவைச் செயலிழக்க வைத்தது. மற்ற மக்னீற்றோவும் பலவீனம். மூன்றாம் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக்குகள் அழுக்கேறி, இடைவெளி அளவு தவறியிருந்தன. எதிரியின் குண்டு எதுவும் படவில்லை. ஒரு துண்டுக் கம்பிதான் தொடக்கம்.

ஆகவே ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் மக்னீற்றோக்களை ஒவ்வொன்றாக அணைத்து, எஞ்சினின் சுழற்சி வேகம் எவ்வளவு விழுகிறது என்று எழுதிவையுங்கள். வரம்புக்குள் இருப்பது மட்டும் போதாது. போன முறையைவிட வீழ்ச்சி கூடியிருந்தால், பயணிகளை இறக்கிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.