ராத்திரி கை கால் உதறும் பிள்ளை: காத்து கருப்பா, மரபணுவா?

[திரையில்: இருட்டு அறை, தரையில் பாய், தூங்கும் சிறுவன்]

வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு ஒன்பது வயது. தூங்கிக் கொஞ்ச நேரத்தில் திடுக்கென்று எழுகிறான். கண் திறந்திருக்கிறது. சைக்கிள் மிதிப்பது போலக் கால் இரண்டும் அடித்துக்கொள்கின்றன, ஒரு கை வீசுகிறது, தொண்டையிலிருந்து ஓர் உறுமல். அரை நிமிடத்தில் அடங்கி மறுபடி தூங்கிவிடுகிறான். விடிவதற்குள் இன்னும் நான்கு தடவை, அச்சு மாறாமல் அதே மாதிரி.

ஆச்சி மருமகளிடம் சொல்கிறாள்: "பிள்ள எதையோ கண்டு பயந்திருக்கான். சுடலை கோயில்ல திருநீறு வாங்கிப் பூசு." கொஞ்சம் கழித்து, யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறாள்: "உங்க மாமாவுக்கும் சின்ன வயசுல இப்படித்தான். கட்டில்ல கெடந்து உதறுவாரு."

ஆச்சி இரண்டாவதாக, பையனின் தாத்தாவைப் பற்றிச் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

இது தூக்கத்தில் மட்டும் தலைகாட்டும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். வலிப்பு என்றதும் நமக்கு நினைவு வருவது வாயில் நுரை, நினைவிழப்பு, கையில் திணிக்கும் இரும்புச் சாவி. (சாவியால் வலிப்பு நிற்காது. தயவுசெய்து திணிக்காதீர்கள்.) இந்த வலிப்பில் அப்படி எதுவும் இல்லாமல் போகலாம். பலருக்கு நினைவுகூடத் தப்புவதில்லை. அதனால்தான் கெட்ட கனவு என்றும், பேய் என்றும், மனநோய் என்றும் வருடக்கணக்கில் அலைய விடுகிறோம்.

மருத்துவர்களே குழம்பிய நோய் இது. 1981-இல் இத்தாலியின் பொலோனியா நகரில் லுகாரேசி, சிரிக்னோட்டா என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தபோது, வலிப்பா தூக்கக் கோளாறா என்பதே தெளிவாகவில்லை. 1994-இல்தான், குடும்பம் குடும்பமாக இது இறங்குகிறது என்று இங்க்ரிட் ஷெஃபரும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். மறுவருடமே ஓர் ஆஸ்திரேலியக் குடும்பத்தில் காரணம் கிடைத்தது: 20-ஆம் குரோமோசோமில் சிஎச்ஆர்என்ஏ4 என்ற மரபணு. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபினைல்அலனின் என்ற வேறோர் அமினோ அமிலம் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் பிழை.

[திரையில்: கன்னடியன் கால்வாய், ஒரு மடை, அதன் பலகை]

அந்த ஓர் எழுத்து என்ன செய்கிறது? தாமிரபரணிக்காரர்களுக்கு மடையைக் காட்டினால் போதும். மூளைச் செல்லின் சுவரில் மடை மாதிரிச் சின்னச் சின்ன வாயில்கள் உண்டு. அசிட்டைல்கொலின் என்ற வேதிப்பொருள் வந்து தொட்டால் திறக்கும், மின்னூட்டம் பெற்ற அயனிகள் உள்ளே பாயும். ஒரு வாயில் ஐந்து துண்டுகள் சேர்ந்தது. சிஎச்ஆர்என்ஏ4 அதில் ஒரு துண்டுக்கான குறிப்பு. குறிப்பு பிசகினால் பலகை சரியாகப் பொருந்தாது. கொஞ்சம் அசிட்டைல்கொலின் பட்டாலே வாயில் திறந்துகொள்ளலாம்.

சரி, ஏன் ராத்திரியில் மட்டும்? ஆழ்ந்து போகும் தூக்கத்தில் மூளையின் நடுவிலுள்ள தலாமசும் மேற்புறணியும் ஒரே தாளத்தில் சேர்ந்து துடிக்கின்றன. பகலில் ஆளுக்கொரு வேலையாக இருக்கும் செல்கள் அப்போது ஒன்றாக அசைகின்றன. அந்த நேரத்தில் ஒரு மடை தப்பாகத் திறந்தால் வெள்ளம் சுலபமாகப் பரவும் என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பெரும்பாலும் அது பரவுவது நெற்றிப் பக்கத்து மூளையில். உடலை அசைக்கும் கட்டளைகள் பிறக்கும் இடம் அது. அதனால்தான் அந்தக் காலடியும் கைவீச்சும்.

பிறகு வேறு மரபணுக்களும் வரிசையாகக் கிடைத்தன. சிஎச்ஆர்என்பி2 அதே வாயிலின் இன்னொரு துண்டு. 2012-இல் கண்ட கேசிஎன்டி1 பொட்டாசியம் வாயிலைச் சேர்ந்தது. இதில் பிழை வந்தால் நோய் கடுமை அதிகம், படிப்பும் புத்தியும் பாதிக்கப்படலாம். 2013-இல் வந்த டிஇபிடிசி5 வாயிலே அல்ல, செல் வளர்ச்சிக்கான பிரேக். பிரேக் தளர்ந்தால் சிலருக்கு மூளையின் ஒரு சிறு பகுதியே தப்பாக உருவாகிவிடுகிறது. இப்படிப்பட்ட சிலருக்கு அறுவை சிகிச்சை பலன் தரும். எத்தனையோ குடும்பங்களில் தெரிந்த எந்த மரபணுவிலும் பிழை அகப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

[திரையில்: தாத்தா, அப்பா, பையன், மூன்று வட்டங்கள்]

இப்போது நம் ஊருக்கு முக்கியமான இடம். "சொந்தத்தில் கட்டினதால்தான் இப்படி" என்று பெண்ணைப் பெற்றவர்களையும் மருமகளையும் குத்திக்காட்டுவார்கள். இந்த வகைக்கு அது பொருந்தாது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழை வர வேண்டியதில்லை, ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும். அத்தை மகனைக் கட்டினாலும் அசலூரில் கட்டினாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிழை வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்புறம், பிழை இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. சுமார் 70 சதவீதம் பேருக்குத்தான் வெளிப்படுகிறது. தாத்தாவுக்கு வந்து, அப்பாவைத் தாண்டி, பேரனிடம் வந்து நிற்பது அப்படித்தான்.

கல்யாணப் பேச்சில் வலிப்பு என்ற சொல்லை மறைப்பவர்களுக்கு ஒன்று: வலிப்பைக் காட்டித் திருமணம் செல்லாது என்று வாதிட வழிவிட்ட வாசகத்தை 1999-இலேயே இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

மருந்து இருக்கிறது. கார்பமசெபின் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரைக்குப் பெரும்பாலானோர் அடங்குகிறார்கள், பல சமயம் குறைந்த அளவிலேயே. மருத்துவர் எழுதித்தான் தொடங்க வேண்டும். தொடங்கியபின் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஆசிய வம்சாவளியினர் சிலருக்கு அது ஆபத்தாக மாறலாம், முன்கூட்டிக் கண்டறிய ரத்தப் பரிசோதனையும் உண்டு. கோயில் கொடை நாளில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டுத் தூக்கம் கெட்டால், மறுநாள் வலிப்பு கூடலாம். பையனை நேரத்துக்குப் படுக்க வையுங்கள்.

ஸ்கேனும் மூளை மின்வரைபடமும் பலருக்குச் சரியாகவே வரும். வலிப்பு கிளம்பும் இடம் ஆழத்தில் இருந்தால் மண்டை மேல் ஒட்டும் கம்பிகளுக்கு எட்டாது. ஆகவே அடுத்த தடவை பையன் எழும்போது, கையை அழுத்திப் பிடிக்க வேண்டாம். சுவரில் முட்டாமல் பார்த்துக்கொண்டு செல்போனில் படம் எடுங்கள். முடிந்தால் ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று. தூக்கத்தில் நடப்பவர்களுக்கும் ராத்திரி அலறுபவர்களுக்கும் பெரும்பாலும் ஒரு தடவைதான் வரும், நேரமும் நீளும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இது குறுகியது, திரும்பத் திரும்ப வருவது, அச்சு மாறாதது. மருத்துவர் அந்த வித்தியாசத்தைத்தான் பார்ப்பார்.

படத்தை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். திருநீறு நெற்றியில் இருக்கட்டும், அதற்குத் தடையில்லை. ஆச்சியையும் கூட்டிப்போங்கள். தாத்தாவைப் பற்றிச் சொல்ல அவளால்தான் முடியும்.