ஜாகா நிற்கும் இடம்

வணக்கம் நேயர்களே. எல்லாரும் பசியாறியாச்சா?

அமெரிக்காவில் ராத்திரி நடக்கும் என்பிஏ கூடைப்பந்து ஆட்டம் நமக்குக் காலையில்தான் வந்து சேரும். சுங்கை சிப்புட்டில் எங்கள் வட்டாரத்து ஒட்டுக்கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, தே தாரிக் ஆறிப்போவது கூடத் தெரியாமல் கைத்தொலைபேசியில் பார்ப்போம். அந்தக் கூட்டத்தில் ஒரு நண்பர், தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கோரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார். "130க்கு 125ஆ? இதெல்லாம் ஒரு ஆட்டமா? எவனும் தடுக்கிறதே இல்லை. ஜோர்டன் காலத்துல இப்படி அடிச்சிருக்க முடியுமா?"

இந்தக் கேள்வியோடுதான் நான் இன்றைக்கு வானொலி நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

முதலில் நான் எப்படி இந்த ஆட்டத்துக்குள் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பையன்களுக்குக் கால்பந்துதான் உயிர், மிச்ச நேரத்துக்குச் சடுகுடு. கூடைப்பந்து என்றால் அது சீனர்களின் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் லயத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் இருபது நிமிடத்தில் புதுக்கிராமம். அவசரகாலத்தில் முள்வேலி போட்டு மக்களைக் குடியேற்றிய அதே புதுக்கிராமம்தான். அங்கே சிமெண்டுத் தரையில் இரண்டு வளையம். வேடிக்கை பார்க்கப் போன என்னை ஆள் குறைந்த ஒரு நாளில் உள்ளே கூப்பிட்டார்கள். பந்தோடு வந்தவனை நான் கையால் பிடித்து, இடித்து, சட்டையை இழுத்துத் தடுத்தேன். வயதான சீன அங்கிள் ஒருவர் ஓரத்திலிருந்து மலாயில் கத்தினார்: "காக்கி! புக்கான் தாங்கான்!" காலால் தடு, கையால் இல்லை. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சரி, கிராணி நண்பரின் விஷயத்துக்கு வருவோம். பழைய காலத்தில் புள்ளி குறைவு, இப்போது கூடுதல், ஆகவே தற்காப்பு செத்துவிட்டது என்பது அவர் கணக்கு. 1961-62 பருவத்தை எடுத்துப் பாருங்கள். அந்த வருஷம் ஒரு குழு ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 118.8 புள்ளி எடுத்தது. வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி அடித்த பருவம் அது. அறுபது வருஷம் கழித்து, 2022-23இல் சராசரி 114.7. அதாவது தாத்தா காலத்தில்தான் புள்ளி கூடுதல். இதைச் சொன்னபோது நண்பர் நம்பவில்லை, கடைக்காரர் மகனை இணையத்தில் தேடச் சொன்னார். அப்படியானால் அறுபதுகளில் யாருக்கும் தடுக்கத் தெரியாதா? அதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஓட்டமோ ஓட்டம். ஒரு குழு ஓர் ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் வளையத்தை நோக்கி எறிந்தது. இன்றைக்கு 90கூட ஆவதில்லை. ஆனால் அன்று எறிந்ததில் பாதிக்கு வெகுவாகக் குறைவாகத்தான் உள்ளே போனது. ஸ்கோர் பலகையை மட்டும் பார்த்துத் தற்காப்பை எடை போடுவது, மழை பெய்த மாதத்தில் ரப்பர் பால் குறைந்ததற்கு மரம் வெட்டியவனைத் திட்டுவது மாதிரி.

ஆட்டத்தை அடியோடு மாற்றியது விதிதான். 1950 நவம்பரில் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19க்கு 18 என்று வென்றது. முழு ஆட்டத்தின் ஸ்கோர் அது! எதிரணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற நெட்டையர் இருந்ததால், பந்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். ரசிகர்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள். 1954இல் 24 விநாடிக் கடிகாரம் வந்தது. அதற்குள் எறிந்தே ஆக வேண்டும். அதன் பிறகுதான் 24 விநாடி தாக்குப்பிடித்தால் போதும் என்ற எண்ணம் தடுப்பவனுக்கு வந்தது.

அந்தக் கடிகாரம் வந்து இரண்டு வருஷத்தில் வந்தவர் பில் ரஸ்ஸல். இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, தயாரிப்பாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டும்வரை பேசுகிறேன். பாஸ்டன் செல்டிக்ஸில் 13 பருவம் ஆடினார், 11 முறை குழு சாம்பியன். அவர் எத்தனை பந்தைத் தட்டிவிட்டார் என்று யாருக்கும் எண்ணிக்கை கிடையாது. பந்தைத் தட்டிவிடும் பிளாக்கையும் பறித்தெடுக்கும் ஸ்டீலையும் லீக் 1973-74இலிருந்துதான் எழுதி வைக்கத் தொடங்கியது. ரஸ்ஸல் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். கணக்குப் புத்தகம் வாங்குவதற்கு முன்பே வேலையை முடித்துக்கொண்டு போன ஆள் அவர்.

அவரிடம் எனக்குப் பிடித்தது உயரம் இல்லை. இன்றும் நம் பையன்கள் பந்தைத் தட்டினால் அது கோர்ட்டைத் தாண்டிப் பக்கத்துக் கடை வாசலில் விழ வேண்டும், எல்லாரும் "ஓ" என்று கத்த வேண்டும். வெளியே போன பந்து மறுபடி எதிரணிக்கே கிடைக்கும், கைதட்டல் மட்டும்தான் மிச்சம். ரஸ்ஸல் பந்தை மெதுவாகத் தன் ஆட்கள் பக்கம் தட்டுவார். அதை எடுத்துக்கொண்டு அவர்கள் மறுமுனைக்கு ஓடுவார்கள். தடுப்பே தாக்குதலின் முதல் அடியாகிவிடும். எந்தக் காலத்து ஆளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று என்னிடம் சொன்னால், யோசிக்காமல் இவரைத்தான் எடுப்பேன்.

அப்புறம் நண்பர் கொண்டாடும் எண்பதுகள், தொண்ணூறுகள். வீடியோ கடையில் கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 1988, 89, 90 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜோர்டனின் சிகாகோவை வீட்டுக்கு அனுப்பியது. ஜோர்டனைத் தடுக்கவென்றே தனித் திட்டம், அதற்கு 'ஜோர்டன் விதிகள்' என்றே பெயர். ஓரத்தில் ஓட விடாதே, கூட்டத்துக்குள் திருப்பிவிடு, மேலே எழும்பினால் தரையில் கிடத்து. முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன லைம்பீரும் ரோட்மனும் அந்தக் குழுவில் இருந்தார்கள் என்றால் பார்த்தவர்களுக்குப் புரியும். ஜோர்டனும் சளைத்தவர் இல்லை. 1988இல் ஆட்டத்துக்கு 35 புள்ளி அடித்த அதே பருவத்தில் சிறந்த தற்காப்பு வீரர் விருதையும் வாங்கினார்.

அன்றைக்குத் தடுப்பவன், பந்து வைத்திருப்பவனின் இடுப்பில் கையை வைத்து அழுத்தலாம். நடுவர் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார். அந்தக் கை மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி, எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பலாம். ஆனால் நண்பர் சொல்லாமல் விடும் இன்னொரு பாதி உண்டு. அப்போது ஸோன் தற்காப்புக்கு, அதாவது ஆளை விட்டு இடத்தைக் காப்பதற்கு, தடை. ஒவ்வொருவரும் தன் ஆளோடு ஒட்டித்தான் நிற்க வேண்டும், ஆளை விட்டுவிட்டு வளையத்துக்குக் கீழே கூடாரம் போட்டால் நடுவர் விசில் அடிப்பார். தந்திரமான பயிற்சியாளர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் ஆட்கள் இருவரைக் கோர்ட்டின் மறுபக்கம் சும்மா நிறுத்திவைத்தார்கள். அவர்களோடு சேர்ந்து இரண்டு தற்காப்பு வீரர்களும் அங்கேயே கட்டப்பட்டுப் போனார்கள். மிச்ச இடத்தில் ஒருவனுக்கு ஒருவன். அந்தக் காலத்து நேருக்கு நேர் சண்டைகள் நம் மனதில் நிற்பதற்கு வீரம் மட்டும் காரணமில்லை, இந்த விதியும் ஒரு காரணம்.

2001இல் அந்தத் தடை போனது. ஸோன் ஆடலாம். ஆனால் யாரையும் காக்காமல் வளையத்தடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. அந்த இடைக்காலத்தில்தான், என் கணக்கில், தற்காப்பு உச்சத்துக்குப் போனது. கையும் வைக்கலாம், ஸோனும் போடலாம். 2004 டெட்ராய்ட்டைப் பாருங்கள். ஷகீல் ஓநீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நட்சத்திரங்களை அடுக்கிய லேக்கர்ஸை இறுதிச் சுற்றில் 4க்கு 1 என்று வென்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் எடுத்தது 68 புள்ளி. நடுவில் நின்ற பென் வாலஸை புது ஆட்களைப் பொறுக்கும் டிராஃப்டில் எந்தக் குழுவும் தேர்ந்தெடுக்கவே இல்லை. லீக் அப்போதே முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது, அடுத்த பருவத்திலிருந்து இடுப்பில் கை வைத்தால் ஃபவுல் என்று கண்டிப்பாக ஊதத் தொடங்கினார்கள். மூக்கணாங்கயிறு அறுந்தது.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தோட்டத்தில் ஜாகா, காவல்காரர். ரப்பர் காலத்தில் திருடன் ஷீட்டுக்குத்தான் வருவான், ஷீட் ஸ்டோரில் இருக்கும், ஸ்டோருக்கு ஒரே கதவு. அப்பா கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். வெட்டிய குலை தோட்டம் பூரா, சாலை ஓரங்களில் குவிந்து கிடக்கும். திருடன் எந்தப் பக்கம் லாரியைக் கொண்டுவருவான் என்று யாருக்குத் தெரியும்? அப்பா ராத்திரி முழுக்க சைக்கிளில் சுற்றினார். அப்படியும் குலை போனது. மானேஜர் ஒருநாள், "முன்னே மாதிரி நீ ஒழுங்காகக் காவல் காப்பதில்லை" என்றார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

இன்றைய கூடைப்பந்தும் செம்பனைத் தோட்டம்தான். மூன்று புள்ளிக் கோடு 1979இல் வந்தபோது ஒரு குழு ஆட்டத்துக்கு மூன்று தடவைகூட அங்கிருந்து எறியவில்லை. 2023-24இல் 35. கோடு நடுவில் வளையத்திலிருந்து ஏறக்குறைய ஏழேகால் மீட்டர். ஸ்டெஃபன் கரி மாதிரி ஆள் அதற்கும் பின்னாலிருந்து எறிவார். ஒரு தடுப்பாளன் வளையத்தடிக்கு ஓடி உதவி செய்துவிட்டு, பந்து மூலைக்குப் போனால் அங்கேயும் ஓடிக் கையைத் தூக்க வேண்டும், எறிபவனைத் தொடாமல். ரூடி கோபேர் நான்கு முறை சிறந்த தற்காப்பு வீரர் விருது வாங்கியவர், ஏழடி உயரம். அவரையே வெளியே இழுத்துக்கொண்டு போய்ச் சின்ன ஆட்கள் ஆட்டம் காட்டுவதைக் கடையில் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். மார்க் ஈட்டன் 1984-85இல் ஒரே பருவத்தில் 456 பிளாக் செய்தார், அந்தச் சாதனையை இன்னும் யாரும் நெருங்கவில்லை. அவர் ஸ்டோர் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். குறை சொல்லவில்லை, அன்றைக்குத் திருடன் அங்கேதான் வந்தான்.

அதனால்தான் கோல்டன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீன் எனக்கு முக்கியமான ஆளாகப் படுகிறார். ஆறடி ஆறு அங்குலம்தான், நெட்டையனையும் காப்பார், குட்டையனையும் காப்பார். ஆட்களை மாற்றி மாற்றிப் பிடிப்பது இன்றைக்குப் பாலபாடம். அதற்கு வாய் வேண்டும். ஐந்து பேரும் "நான் பார்த்துக்கிறேன், நீ அங்கே போ" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். சடுகுடுவில் சங்கிலி பிடிக்கும்போது நாம் கத்துவோமே, அப்படி. வாய் சண்டையிலும் அவர் பெரிய ஆள், அது தனிக் கதை.

போன வாரம் கிராணி நண்பரிடம் ஒரு பந்தயம் கட்டினேன். ஆட்டத்தில் ஒரு கால் பகுதி முழுக்க அவர் பந்தைப் பார்க்கக் கூடாது. பந்து இல்லாத பக்கம் நிற்கும் தடுப்பாளன் ஒருவனை மட்டும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்து முடித்தால் என் கணக்கில் ரொட்டி சானாய். மனுஷன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு நிமிடம் வாயே திறக்கவில்லை. முடிந்ததும், "இவன் ஒரு நிமிஷம்கூட சும்மா நிக்கலையேப்பா" என்றார். எனக்குப் பரம சந்தோஷம். ரொட்டி வந்தது, ஒரு வாய் பிய்த்துச் சாம்பாரில் தொட்டார். "ஆனா பாரு," என்றார், "ஜோர்டனை இவனால தடுக்க முடியாது."