முதல் ரேங்க் 587, ரெண்டாவது ரேங்க் 4 கூட இல்ல! ஆப்பிரிக்கத் தீவுகளைச் சேலத்துல எடை போட்டோம்

[ஏற்காடு லேடீஸ் சீட், சாயங்காலம். பின்னாடி சேலம் டவுன் லைட் ஒண்ணொண்ணா எரியுது.]

ஒரு கிளாஸ்ல முதல் ரேங்க் வாங்கின பையன் 600க்கு 587. சரி, படிக்கற பையன். ரெண்டாவது ரேங்க் எவ்வளவு இருக்கும்? 585? போனாப் போகுது, 570?

மூணரை மார்க். முன்னூத்தம்பது இல்லைங்க, மூணரை. அதுக்கும் மேடையேத்தி சர்டிபிகேட் குடுத்தாச்சு, அவங்கப்பா அதை ஸ்டேட்டஸ்ல வேற வெச்சிருக்காரு.

அந்த கிளாஸ் பேரு ஆப்பிரிக்கா. முதல் ரேங்க் மடகாஸ்கர், 5,87,000 சதுர கிலோமீட்டர். உலகத்துலயே நாலாவது பெரிய தீவு. கிரீன்லாந்து, நியூகினி, போர்னியோ, அப்புறம் இதுதான். ரெண்டாவது ரேங்க் சொகோட்ரா, சுமார் 3,600.

இப்ப கீழ பாருங்க. அந்த லைட்டெல்லாம் சேலம் டவுன். டவுன் மட்டும் இல்லாம மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, ஆத்தூர், தலைவாசல்னு மொத்த மாவட்டத்தையும் எடுத்தா 5,205 சதுர கிலோமீட்டர். ஒரு கண்டத்தோட ரெண்டாவது பெரிய தீவு, நம்ம மாவட்டத்தை விடச் சின்னது.

[டைட்டில். உடுக்கைச் சத்தம்.]

வணக்கம் மக்களே. சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு சொல்லணும், சொல்லிட்டேன்.

ஏன் இப்படின்னு ஒரு நிமிஷத்துல முடிச்சிடறேன், ஏன்னா எனக்குத் தராசுகிட்ட போகணும். ஜப்பான், இந்தோனேசியா பக்கம் பூமித்தட்டு ஒண்ணுக்கடியில ஒண்ணு நுழையுது, அதனால வரிசையா பெரிய பெரிய தீவா எழும்புது. ஆப்பிரிக்காவைச் சுத்தி அந்த ரகளை ரொம்பக் கம்மி. மடகாஸ்கர் எழும்பின தீவே இல்ல, கண்டத்துல இருந்து உடைஞ்ச துண்டு. அதுவும் யார்கூட இருந்துச்சு தெரியுமா? நம்மகூட. மொதல்ல ரெண்டும் சேர்ந்து ஆப்பிரிக்காவை விட்டு விலகி வந்து, அப்புறம் சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன்னாடி பாகம் பிரிச்சிட்டு நாம வடக்கே வந்துட்டோம். பங்காளி அங்கயே நின்னுட்டான். பாலக்காட்டுல இருந்து காவேரிப் பக்கமா, நம்ம ஊர் பாறைக்குள்ள ஒரு பழைய பிளவுப் பட்டை ஓடுது. அதோட மிச்சம் மடகாஸ்கர்ல எங்க இருக்குன்னு புவியியல்காரங்க இன்னும் தேடிட்டிருக்காங்க. வில்லங்க சர்டிபிகேட் போட்டுப் பாக்கற மாதிரி.

மத்த தீவுகள்ல முக்கால்வாசி எரிமலை. அவ்வளவுதான் பின்னணி. வாங்க, செவ்வாய்ப்பேட்டை.

[கொலுசுப் பட்டறை. மேஜை மேல எலக்ட்ரானிக் தராசு, கண்ணாடி மூடி போட்டது.]

இது எங்க மாமாவோட பட்டறை. வெள்ளிக் கொலுசு. இங்க எதுக்கு வந்தேன்னா, ஒரு தீவோட பரப்பளவைக் கண்ணால பாத்து நம்ப முடியல. 5,87,000ன்னு சொன்னா மண்டையில ஏறுதா? எனக்கு ஏறல. அதனால ஒரு பழைய வித்தை. வரைபடத்தை ஒரே அளவுல சார்ட் பேப்பர்ல வரைஞ்சு, வெட்டி, எடை போடறது. பேப்பர் எல்லா இடத்துலயும் ஒரே தடிமன்னா, எடை எவ்வளவோ பரப்பும் அவ்வளவு. கணக்கு வாத்தியாரே வேண்டாம்.

அளவு இதுதான்: 1 கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர். சேலம் மாவட்டம் என் உள்ளங்கையில நிக்குது பாருங்க. ரீயூனியன் தீவு ஒரு பிஸ்கட் சைஸ். மடகாஸ்கருக்கு மட்டும் நாலு சார்ட் ஒட்டி, புரொஜெக்டர்ல சுவத்துல அடிச்சு வரைஞ்சோம். உசரம் 1,600 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அதாவது எங்க தங்கச்சி உசரம். பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுத்திருக்கேன், போட்டா அடிப்பா, அதனால போடல. நிஜ அளவுல அந்தத் தீவைக் கன்னியாகுமரியில நட்டு வெச்சா, தலை நாக்பூரைத் தாண்டும்.

இதையெல்லாம் சுருட்டிட்டு உள்ள நுழைஞ்சதும் மாமா கேட்டாரு, “என்ன மாப்ள, பழைய பேப்பர் கடை எதிர் வரிசையில இருக்குது?”

வெச்சோம். மடகாஸ்கரை மடிச்சுத் தட்டுல வெச்சா 71.9 கிராம். ஒட்டின டேப்பைத் தனியா எடை போட்டுக் கழிச்சா 70. சேலம் மாவட்டம்: 0.62. சொகோட்ரா: 0.43. ரீயூனியன்: 0.30. மொரீஷியஸ்: 0.22.

மாமா கொஞ்ச நேரம் அந்த நம்பரையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் ஒரு ஜோடிக் கொலுசை எடுத்துத் தட்டுல வெச்சாரு. 70 கிராமுக்குப் பக்கத்துல நின்னுச்சு. “இது உன் மடகாஸ்கர்.” கொலுசுல கோர்க்காம டப்பாவுல கிடந்த சலங்கை மணி ஒண்ணை நகத்தால எடுத்து வெச்சாரு. “இது உன் ரெண்டாவது ரேங்க்.”

நான் ரெண்டு நாளா உக்காந்து எழுதின ஸ்கிரிப்டை மனுஷன் ரெண்டு வரியில முடிச்சிட்டாரு.

இந்த இடத்துலதான் யாரோ ஃபேனைப் போட்டாங்க. மொரீஷியஸ் பறந்து போச்சு. தேடித் தேடிப் பாத்தோம், கிடைக்கல.

[பட்டறைக்கு வெளியே, டீக்கடை.]

இப்ப கமெண்ட்ல சண்டை போடப் போற அண்ணன்களுக்கு ரெண்டு விஷயம்.

ஒண்ணு, சொகோட்ரா ஏமன் நாட்டுக்குச் சொந்தம், ஏமன் ஆசியா. ஆனா தீவு கிட்டத்துல இருக்கறது சோமாலியா முனைக்கு. அதனால ஆப்பிரிக்கக் கணக்குல சேக்கறவங்களும் உண்டு, சேக்காதவங்களும் உண்டு. சேக்கலைன்னா ரெண்டாவது ரேங்க் 2,512 சதுர கிலோமீட்டர் ரீயூனியனுக்குப் போகும். நம்ம மாவட்டத்துல பாதி. என் கதை இன்னும் ஸ்ட்ராங் ஆகுதே தவிர குறையல.

ரெண்டு, ‘சேலத்துக்குள்ள அடங்கிடும்’னு தம்ப்நெயில்ல போட்டிருக்கேன். பரப்பளவுல அடங்கும். ஆனா சொகோட்ரா ஒல்லியா 130 கிலோமீட்டர் நீளம். மேட்டூர்ல தலையை வெச்சுப் படுக்க வெச்சா, தலைவாசல் தாண்டிக் கால் நீட்டிக்கும். ஆமா, கிளிக்குக்காகத்தான் போட்டேன். வந்துட்டீங்கல்ல.

அந்த ரீயூனியனைப் பத்தி நிறுத்த முடியாமப் பேசுவேன், பொறுத்துக்குங்க. பிரான்ஸோட தீவு. நடுவுல ஒரு மலை 3,070 மீட்டர், நம்ம சேர்வராயன் கோயில் இருக்கற உச்சியைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 1966 ஜனவரியில அங்க ஃபோக்-ஃபோக்னு ஒரு இடத்துல ஒரே நாள்ல, 24 மணி நேரத்துல, 1,825 மில்லிமீட்டர் மழை. உலக ரெக்கார்டு. சேலத்துல வருஷம் முழுக்கப் பெய்யறதே ஏறக்குறைய 1,000தான். கிச்சிப்பாளையத்துல அரை மணி மழைக்கே நாம வண்டியைத் தள்ளிட்டு வர்றோம்.

அப்புறம் பரப்பளவுன்னு சொன்னேனே, அது அங்க நிலையாவே இருக்காது. 2007ல எரிமலைக் குழம்பு கடல்ல இறங்கி, கரையில புதுசா நிலம் சேர்ந்துச்சு. பட்டா இல்லாத புது நிலம். நம்மாளு ஒருத்தன் அங்க இருந்திருந்தா மறுநாளே முள்வேலி போட்டிருப்பான்.

நம்மாளுங்க அங்க நிஜமாவே இருக்காங்க. தமிழ் வம்சாவளிக்காரங்களை அந்தத் தீவுல மலபார்னு கூப்பிடறாங்க. தமிழ் பேசறது ரொம்பக் குறைஞ்சு போச்சு, ஆனா தீ மிதிக்கறது நிக்கல. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் கூட்டத்துல நசுங்கி வளர்ந்தவன் நான், எனக்கு இது கேட்டதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. இன்னொண்ணு, அந்தத் தீவோட பழைய பேரு பூர்போன். காபியில பூர்போன்னு ஒரு அராபிகா ரகம் இருக்கே, அந்தப் பேரு அங்க இருந்து வந்ததுதான். ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டு வந்தது 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்.

பக்கத்துல மொரீஷியஸ், 1,865 சதுர கிலோமீட்டர், அதாவது ஃபேன்ல பறந்தது. அந்த ஊர் ரூபாய் நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு. 1998ல புது நோட்டு அடிச்சப்ப இந்தியை மேல போட்டுத் தமிழைக் கீழ இறக்கிட்டாங்க. அங்க இருக்கற தமிழருங்க விடல, போராட்டம். அடிச்ச நோட்டைத் திரும்ப வாங்கிட்டு வேற அடிச்சாங்க. தைப்பூசத்துக்கு அங்க அரசு விடுமுறையும் உண்டு. ஒரு சலங்கை மணியில பாதி சைஸ் தீவுங்க!

டெனெரிஃப், பியோகோ ரெண்டும் 2,000த்தை ஒட்டி. சான்சிபார் அதுக்கும் கீழ. போதும்.

ஆங், ஏற்காடு. மறந்தே போனேன். தாலுகா மொத்தமும் 383 சதுர கிலோமீட்டர். தராசுல வெச்சா 0.04க்கும் 0.05க்கும் நடுவுல ஆடிட்டே இருந்துச்சு, நான் மூச்சு விட்டா மாறுது. மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் நடுவுல மயோட்னு ஒரு தீவுக்கூட்டம், 374. ஏறக்குறைய அச்சா ஏற்காடு. சுத்தி இருக்கற கொமோரோஸ் தீவுகள் சுதந்திரம் கேட்டு வாங்கிட்டுப் போக, இவங்க மட்டும் பிரான்ஸோடவே இருக்கோம்னு ஓட்டுப் போட்டாங்க. 2011ல இருந்து பிரான்ஸோட முழு மாவட்டம். 20 கொண்டை ஊசி ஏறி மேல வந்தா பேக்கரியில யூரோ கேப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

உங்க மாவட்டத்துக்குள்ள எந்தத் தீவு அடங்கும்னு கமெண்ட்ல போடுங்க. நீலகிரிக்காரங்க கொஞ்சம் கஷ்டப்படுவீங்க. போற வழியில மே மாசம் செக்கச் செவேல்னு பூக்கற குல்மோகர் மரத்தையும், வீட்டு வாசல்ல நித்தியகல்யாணிச் செடியையும் பாத்தா ஒரு வணக்கம் வெச்சிட்டுப் போங்க. ரெண்டுக்கும் பூர்வீகம் மடகாஸ்கர். பங்காளி வீட்டுச் சீர்.

[திரை கறுப்பாகுது. போன் ரெக்கார்டிங், மாமா குரல்.]

“மாப்ள, உன் மொரீஷியஸ் கிடைச்சிருச்சு. மதுரைக்குப் போன பார்சல்ல, கொலுசுக்கு அடியில இருந்துதாம். எடையில 0.22 கிராம் ஏன் கூட நிக்குதுன்னு கேக்கறாங்க, நான் என்னன்னு சொல்றது?”