நர்சிங் சேரும் முன் ஆஸ்பத்திரியைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பல வீடுகளில் "நர்சிங்கில் சேர்த்துவிடலாமா?" என்று பேச்சு எழும். கல்லூரியின் பெயர், ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் விசாரிப்பார்கள். இந்தப் படிப்பை முடித்தால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் என் பிள்ளையின் பெயரைத் தன் பதிவேட்டில் ஏற்றுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் சட்டப்படி பதிவு பெற்ற செவிலியர். சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டினாலும் பதிவு இல்லையென்றால் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது.

அந்தப் பதிவேட்டுக்குள் போக இரண்டு வழிகள்தான். ஒன்று ஜி.என்.எம். என்கிற மூன்றாண்டு டிப்ளமா. பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவாக இருந்தாலும் சேரலாம். மொத்தத்தில் 40 சதவீதம், ஆங்கிலத்திலும் தனியாக 40 சதவீதம் வேண்டும். இன்னொன்று நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும், மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40. கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த மாணவருக்கு 95 சதவீதம் இருந்தாலும் பி.எஸ்சி. கதவு திறக்காது. பதினோராம் வகுப்பில் குரூப் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 17.

ஏ.என்.எம். என்று இரண்டாண்டுப் படிப்பு ஒன்று உண்டு. நல்ல படிப்பு, கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு வழி. ஆனால் அதன் பதிவு துணைச் செவிலியர் பதிவு, தனிக் கணக்கு. அதிலிருந்து ஜி.என்.எம்.முக்குப் போகலாம், முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று நோட்டீஸ் ஒட்டும் நர்சிங் அசிஸ்டன்ட் கோர்ஸ்களும், பள்ளித் தொழிற்பிரிவில் படித்த நர்சிங்கும் யாரையும் பதிவுச் செவிலியர் ஆக்காது.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் அரசு இடங்களுக்கு நீட் கிடையாது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டு, துணை மருத்துவப் படிப்புகளோடு சேர்த்துக் கவுன்சிலிங் நடத்துகிறது. புதுச்சேரி ஜிப்மருக்கும் ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கும் நீட் மதிப்பெண் வேண்டும். தனியார் கல்லூரியில் பணம் கட்டும் முன், மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு, தமிழ்நாடு கவுன்சிலின் அங்கீகாரம், இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியல் மூன்றையும் பாருங்கள். எத்தனை இடத்துக்கு அனுமதி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 60 இடத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு 80 பேரைச் சேர்த்தால், அந்த மிச்சம் 20 பேரின் பெயர் எங்கேயும் ஏறாது. வெளிமாநிலக் கல்லூரி என்றால் தமிழ்நாடு கவுன்சிலுக்குப் பதில் அந்த மாநிலக் கவுன்சிலின் அங்கீகாரத்தைப் பாருங்கள்; அங்கே இந்த மூன்றும் இன்னும் அவசியம். ஏஜென்ட் காட்டும் ஜெராக்ஸை நம்பிப் பணம் கட்டியவர்கள் நான்கு வருடம் கழித்துத்தான் விழிக்கிறார்கள்.

காகிதம் சரியாக இருந்தால் போதுமா? போதாது. நர்சிங்கில் பாதிப் படிப்பு வார்டில்தான். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது கணக்கு. 60 இடமுள்ள கல்லூரியில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 240 பேர். ஒரு நேரத்தில் பாதிப்பேர் வார்டில் இருந்தாலும் 120 பேருக்கு 360 நோயாளிகள் வேண்டும். கல்லூரியின் சொந்த ஆஸ்பத்திரியில் 100 படுக்கை, அதில் முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது என்றால் 75 பேர்தான் இருக்கிறார்கள். மிச்சத்துக்கு எங்கே போகிறார்கள்? அரசு மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர், வாரத்தில் எத்தனை நாள், கூடவே ஆசிரியர் யாராவது வார்டில் நிற்கிறாரா? அட்மிஷன் ஆபீசில் இதைக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியில் படித்தால் என்ன குறையும் என்பதற்குப் பிரசவ அறையைச் சொல்லலாம். நம் நாட்டில் பதிவு, செவிலியர் பதிவும் பிரசவ உதவியாளர் பதிவும் சேர்ந்தது. அதற்கு இத்தனை கர்ப்பிணிப் பரிசோதனை, இத்தனை சுகப்பிரசவம் என்று தன் கையால் செய்து, லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாதத்துக்கு நாலைந்து பிரசவம் நடக்கும் இடத்தில் ஒரு தாயைச் சுற்றிப் பத்து மாணவிகள் நிற்பார்கள். பார்த்ததெல்லாம் செய்ததாக ஏறும். நோட்டு நிரம்பும், கை பழகாது.

இன்னொன்று, டிரிப் கணக்கு. ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். டிரிப் ஏற்றும் குழாய் செட் மில்லிக்கு 20 சொட்டு விழும் வகை என்றால் மொத்தம் 20,000 சொட்டு. எட்டு மணி நேரம் 480 நிமிடம். நிமிடத்துக்கு 42 சொட்டு. மில்லிக்கு 15 சொட்டு செட் என்றால் 31 தான். எந்த செட் என்பது கவரிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பார்க்காமல், 15 சொட்டு செட்டில் பழக்கத்துக்கு 42 வைத்துவிட்டால், எட்டு மணி நேரத்துக்கான நீர் ஆறே மணி நேரத்தில் உள்ளே போய்விடும். இதயம் பலவீனமான முதியவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். பாடத்தில் இது ஒரு வரி. வார்டில் நூறு தடவை எண்ணினால்தான் கண் தானாகக் கவரைத் தேடும்.

அதனால்தான் வருகைப்பதிவு விதியும் கடுமை. தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும். ஆனால் பட்டம் வாங்குமுன் வார்டுப் பயிற்சி நூற்றுக்கு நூறு முடித்திருக்க வேண்டும். மஞ்சள்காமாலை வந்து ஒரு மாதம் விடுப்பு எடுத்தாலும் அந்த நாள்களைத் திரும்பச் செய்தாக வேண்டும். கடைசி ஆண்டு வரை தள்ளிப்போட்டால், உடன் படித்தவர்கள் வேலைக்குப் போகும்போது நீங்கள் டியூட்டி நாள்களை அடைத்துக்கொண்டிருப்பீர்கள். செமஸ்டர் முறைப் பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப்: 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம்.

ஜி.என்.எம்.மா, பி.எஸ்சி.யா என்று என்னைக் கேட்டால், நோயாளிகள் குறைவான கல்லூரியில் பி.எஸ்சி. படிப்பதைவிட நெரிசலான அரசு மருத்துவமனையில் ஜி.என்.எம். படிப்பது மேல் என்பேன். பின்னால், ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளலாம். ஆசிரியர் வேலைக்கோ, எம்.எஸ்சி.க்கோ போகும் எண்ணம் இருந்தால் நேரடி பி.எஸ்சி. ஓராண்டு மிச்சம். நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்க எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது: பி.எஸ்சி.க்காரர் பதிவு முடிந்ததும் எழுதலாம், ஜி.என்.எம். முடித்தவருக்கு 50 படுக்கை ஆஸ்பத்திரியில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். தமிழ்நாட்டு அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு. அதில் தொடக்கத்தில் பெரும்பாலும் தொகுப்பூதியம்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் தடுக்குவது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் 'கே', கல்லூரிச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் 'கே', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க அலைவதைவிட, முதலாண்டு சேரும்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே கல்லூரிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வெளிநாடு போவோருக்கு இது இரட்டிப்புத் தலைவலி, ஏனென்றால் அங்கே கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் நேரடியாக எழுதிச் சரிபார்ப்பார்கள்.

வேறு மாநிலத்தில் படித்தவர்கள் முதலில் படித்த மாநிலத்துக் கவுன்சிலில் பதிவு செய்து, அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கித்தான் இங்கே பதிய முடியும். பிரிட்டனுக்குப் போக நினைப்பவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வாங்க வேண்டும். ஆங்கிலப் பயிற்சியைக் கடைசி ஆண்டுக்கு ஒதுக்கி வைக்காமல், முதலாண்டில் கேஸ் ஷீட் எழுதத் தொடங்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.