மெரினாவில் நடந்தால் போதாதா என்று கேட்ட அண்ணனுக்கு

நடுவர் அவர்களுக்கும் இரண்டு அணி நண்பர்களுக்கும், சாப்பாட்டு வாசனை வந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். சம்பிரதாயமெல்லாம் முன்னால் பேசியவர்கள் செய்துவிட்டார்கள், நான் நேராக வருகிறேன்.

அமானுஷ்யக் கதை சொல்லும் கேமில் ஆடுபவரைக் கட்டிப்போடுவது மிரட்டும் சூழலா, மனிதர்களின் பேச்சா? இதுதான் தலைப்பு. நான் பேச்சின் பக்கம். 2016 ஜனவரியில் வந்த ஆக்ஸன்ஃப்ரீ என்ற ஒரே ஒரு கேமை மட்டும் வைத்துத்தான் பேசப் போகிறேன், ஏனென்றால் எதிரணி அண்ணன் என்னைச் சீண்டியதும் அதை வைத்துத்தான். என்ன சொன்னார்? "அஞ்சு மணி நேரம் நடந்துகிட்டே பேசுறதுக்கு எதுக்குங்க கேம்? மெரினாவுல ஒரு வாக்கிங் போனா போதாதா? காத்தும் வரும், சுண்டலும் கிடைக்கும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் விசில்கூட வந்தது, கவனித்தேன்.

சரி, அண்ணே, மெரினாவுக்கே போவோம். நீங்களும் நண்பரும் நடக்கிறீர்கள். அவர் ஒரு கேள்வி கேட்கிறார், உங்களுக்குப் பதில் வரவில்லை. என்ன செய்வீர்கள்? சுண்டல் வாங்குவீர்கள். "அப்புறம் சொல்றேன்" என்பீர்கள். ராத்திரி போன் செய்வீர்கள், இல்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்வீர்கள். ஆக்ஸன்ஃப்ரீயில் அந்த வசதி கிடையாது. அலெக்ஸ் என்ற பெண்ணாக நாம் ஆடுகிறோம். யாராவது அவளிடம் ஏதாவது சொன்னால் அவள் தலைக்கு மேல் மூன்று குமிழிகள் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு பதில் இருக்கும். கேம் நமக்காக நின்று காத்திருக்காது. கால் நடந்துகொண்டே இருக்கும், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டே இருப்பார், சில நொடிகளில் குமிழி மங்கி மறைந்துவிடும். மறைந்தால் மறைந்ததுதான். அலெக்ஸ் வாயைத் திறக்கவில்லை என்று கதை அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

இதை வெறும் விளக்கமாகச் சொன்னால் உங்களுக்குப் பிடிபடாது. எங்கள் சித்தி கதையைச் சொல்கிறேன்.

சித்திக்கு ஆங்கிலம் வராது, கேம் என்றால் துப்பாக்கிச் சத்தம் என்ற அளவில்தான் தெரியும். நான் ராத்திரி ஹாலில் உட்கார்ந்து ஆடும்போது வெங்காயம் உரித்துக்கொண்டே பின்னால் வந்து உட்கார்ந்தார். "இவங்கெல்லாம் யாரு?" சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், எட்வர்ட்ஸ் தீவு என்று ஒரு தீவு, முன்பு ராணுவக் கோட்டை இருந்த இடம், ராத்திரி தங்கிக் கூத்தடிக்க வந்திருக்கிறார்கள். அலெக்ஸ், அவளுடைய சிநேகிதன் ரென், அவனுக்குப் பிடித்த நோனா, அப்புறம் ஜோனஸ். இவன் அலெக்ஸின் அம்மாவுடைய புதுக் கல்யாணத்தால் அவளுக்குச் சகோதர முறையாக வந்து சேர்ந்தவன், அன்றைக்குத்தான் பழக்கமே. "அந்த முறைச்சுக்கிட்டு நிக்கிறவ யாரு?" அவள் கிளாரிசா. "அவ சரியில்ல" என்று அந்த நிமிடமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இப்போது என் வேலை என்ன? அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டும், மூன்று குமிழியையும் தமிழில் சொல்ல வேண்டும், சித்தி யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நான் பட்டனை அழுத்த வேண்டும். நான் இரண்டாவது குமிழிக்கு வரும்போதே மூன்றும் காணாமல் போய்விடும். "எங்கடி போச்சு?" போயிடுச்சு சித்தி. "நான் இன்னும் சொல்லவே இல்லையே?" அவ்வளவுதான் சித்தி. "அந்தப் பையன் கேட்டுட்டு நிக்கிறான், இவ பாட்டுக்கு ஊமை மாதிரி வர்றா, என்ன நினைப்பான்?" கேளுங்கள், இதுதான் இடம். என்ன நினைப்பான் என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்! அரை மணி நேரத்துக்கு முன்னால் இது எதுவென்றே தெரியாதவர், ஓவியம் போல் வரைந்த ஒரு பையன் மனம் நோகுமே என்று வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டார்.

கடற்கரையில் ஒரு விளையாட்டு வரும். உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அறை வாங்க வேண்டும். அங்கே கிளாரிசா, அலெக்ஸின் செத்துப்போன அண்ணன் மைக்கேலைப் பற்றிய பேச்சை எடுத்து இவளைக் குத்துவாள். நான் மொழிபெயர்த்த அடுத்த நொடி சித்தி எழுந்து நின்றுவிட்டார். "அறை! அவள அறை! எந்தப் பட்டன்டி அறையிற பட்டன்?" பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பா யாருக்கு என்ன ஆச்சோ என்று எழுந்து ஓடி வந்தார். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். ஒவ்வொரு குமிழியையும் ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். 'சமாதானம், கிண்டல், சண்டை' என்று நான் கத்த, 'சண்டை, சண்டை' என்று அவர் கத்த, அப்படித்தான் போனது அந்த ராத்திரி. சித்தப்பாவும் போர்வையோடு வந்து உட்கார்ந்தவர்தான், படுக்கப் போகவில்லை.

எதிரணி அண்ணே, மெரினாவில் யாராவது உங்களுக்காக இப்படி எழுந்து நின்றிருக்கிறார்களா?

உடனே பதில் வரும் என்று தெரியும். ரேடியோவை என்ன செய்வீர்கள், அது சூழல் இல்லையா என்பார்கள். அலெக்ஸ் கையில் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது, குகையில் அதைத் திருகும்போதுதான் பேய்களுக்குக் கதவு திறக்கிறது. ஆண்ட்ரூ ரோர்மனின் இசை, இரைச்சல், நடுநடுவே உடையும் குரல்கள். இதெல்லாம் உடம்பைச் சிலிர்க்க வைப்பது உண்மைதான், அந்த இசையை நானும் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பவள்தான். அந்த ரேடியோவைச் சித்தி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். இலங்கை வானொலிக்காக மர்பி ரேடியோவின் குமிழைத் திருகித் திருகி வளர்ந்த கை அது. இரைச்சலுக்கு நடுவில் குரல் எங்கே தெளிகிறது என்று என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார். ஆனால் எதற்காகத் தேடினார்? இரைச்சலை ரசிக்கவா? யாரோ பேசுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று கேட்கத்தான். அந்தப் பேய்கள் யார் என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் சொந்தப் படையே எதிரி என்று நினைத்து மூழ்கடித்த கனலோவா என்ற நீர்மூழ்கியில் இருந்தவர்கள். ஒரு செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த வினை. இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் மாட்டிக்கொண்டு, பழைய ஒலிபரப்புகளிலிருந்து வார்த்தைகளைப் பொறுக்கி ஒட்டுப்போட்டுப் பேசுகிறார்கள். எனக்கு அதில் பயத்தைவிடப் பாவமாகத்தான் இருந்தது. அவர்களுக்கும் வேண்டியது யாராவது காது கொடுப்பதுதானே.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஆடியவர்கள் பலரும் சொன்ன குறைதான். நடை மெதுவு, ஓட முடியாது, பார்த்த பாதையிலேயே திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். அவசரப்பட்டுக் குமிழியை அழுத்தினால் எதிரில் இருப்பவர் சொல்லிக்கொண்டிருந்ததை அலெக்ஸ் பாதியில் வெட்டிவிடுவாள், அவர் என்ன சொல்ல வந்தார் என்பது போயே போய்விடும். நியாயமான எரிச்சல். ஆனால் அந்த மெதுநடை எதற்காக? இதைச் செய்த நைட் ஸ்கூல் ஸ்டூடியோவைத் தொடங்கிய ஆடம் ஹைன்ஸும் ஷான் கிரான்கலும் கஸின்கள். காட்சியை நிறுத்தி வைத்துவிட்டுப் பேசும் கேம் வேண்டாம், நடக்க நடக்கப் பேச வேண்டும் என்றுதான் இதைக் கட்டினார்கள். பாறை ஏறும் நேரம் ஒரு பேச்சுக்கு ஆகும் நேரம். ஓடினால் அந்தப் பேச்சு அறுந்துவிடும். நம் வீட்டிலும் ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டாமல் என்றைக்குப் பேசியிருக்கிறோம்?

எதிரணியில் இன்னொரு சகோதரி, 2014இல் வந்த 'த வானிஷிங் ஆஃப் ஈதன் கார்ட்டர்' கேமின் காட்டைப் புகழ்ந்தார். நிஜப் பாறைகளையும் சுவர்களையும் பல கோணத்தில் படம் பிடித்து அதிலிருந்து உருவாக்கிய காடு, அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் துப்பறிபவர் அங்கே ஏன் வந்தார்? ஒரு சிறுவன் கடிதம் எழுதினான், வந்தார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அது வெறும் காடு. இதற்கு மேல் சொன்னால் முடிவு வெளியாகிவிடும், ஆடாதவர்கள் இருக்கிறீர்கள்.

சித்தியிடம் வருகிறேன், இன்னும் முடியவில்லை. ஆக்ஸன்ஃப்ரீயை இனிமேல் ஆடப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள், இதைச் சொல்லாமல் என்னால் பேச முடியாது. போகப் போகத்தான் தெரிகிறது, கிளாரிசா மைக்கேலின் காதலி. அவனோடு ஊரைவிட்டுப் போய்ப் புது வாழ்க்கை தொடங்க இருந்தவள். அதற்குள் அவன் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போனான், அப்போது கூட இருந்தது அலெக்ஸ். அதனால்தான் அந்தக் குத்தல், அந்த முறைப்பு. இதைச் சொன்னதும் சித்தி ஒன்றும் பேசவில்லை. அதற்கு அப்புறம் 'சண்டை' என்று அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

கடைசியில் பேய்கள் ஒரு பேரம் பேசும். கிளாரிசாவை மட்டும் எங்களுக்கு விட்டுவிடு, மற்ற எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஒப்புக்கொண்டால் எல்லாரும் தப்பிப்பார்கள், ஆனால் கிளாரிசா என்று ஒருத்தி இருந்ததே யாருக்கும் நினைவில் இருக்காது. மறுத்தால் அலெக்ஸ் தானே அந்தக் கதவுக்குள் போக வேண்டிவரும். நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே சித்தி சொல்லிவிட்டார். "அவளையும் கூட்டிட்டு வா." கடற்கரையில் அவளை அறையச் சொன்ன அதே சித்தி. "அவளுக்கும் அவன்தானே போனான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சித்திக்கு ஒரு அண்ணன் இருந்தார், என் பெரிய மாமா. அவர் போன பதினாறாம் நாள் காரியத்தில் ஏதோ ஒரு வார்த்தை தடித்து, அன்றையிலிருந்து சித்திக்கும் மாமா சம்சாரத்துக்கும் பேச்சு நின்றது. கல்யாணங்களில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து போவார்கள். யார் தப்பு என்று எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கே இப்போது நினைவிருக்குமா என்றும் தெரியாது. மறுநாள் காலையில் காபி போட்டுக்கொண்டே சித்தி, "உங்க அத்தை நம்பர் இருக்காடி?" என்றார். நான் போன் போட்டுக் கொடுத்தேன். "அண்ணி, நான்தான்" என்றார். அப்புறம் இரண்டு பக்கமும் அழுகைதான், நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கேமை முடித்தவர்களுக்குத் தெரியும், முடிந்த பிறகும் அலெக்ஸ் அதே ராத்திரிக்குள் திரும்ப விழுகிறாள். அந்தச் சுழலை எது உடைக்கிறது? முடித்தவர்கள் மறுபடி ஆடுவதற்காக 2016இலேயே பிறகு சேர்த்த மறுசுற்றில் வழி இருக்கிறது. துப்பாக்கியும் கிடையாது, மந்திரமும் கிடையாது. தீவுக்குக் கிளம்பப் போகும் பழைய அலெக்ஸுக்கு ரேடியோவில், 'போகாதே' என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு பேச்சு, சரியான நேரத்தில்.

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன் பதிலுரைக்கு வருவார். பனியைப் பற்றியும் இருட்டைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும், நானும் கேட்கிறேன். அதற்கு முன்னால் அவர் கிளாரிசாவைக் கூட்டிக்கொண்டு வந்தாரா, விட்டுவிட்டு வந்தாரா என்று இந்த மேடையில் சொல்லச் சொல்லுங்கள். வணக்கம்.