யானை இருந்தாலும் ஆயிரம் பொன்

(கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் நடந்த ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து, எண்பத்தாறு வயதிலும் என் பேச்சில் பிழை பிடிக்கவென்றே வந்திருக்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடைக்குப் பதில் கைத்தறித் துண்டு போர்த்திய விழாக் குழுவினரே, முன்வரிசையில் குடையோடு உட்கார்ந்திருக்கும் சுரங்கத் தொழிலாளப் பெரியவர்களே, பின்வரிசையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் விட்டுப்போனவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். தங்கம் வந்த கதை, ஆட்கள் வந்த கதை, அப்புறம் நம் ஊர்த் தமிழ். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மேடைக்கு மேடை இதையே சொல்கிறேன் என்று வீட்டில் கேலி. கோலார் தங்கவயலுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி யாராவது கொடுத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, இங்கே மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டார். காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். பொன் துகள் ஒதுங்கியது. வாரன் எழுதிவைத்த குறிப்பைப் பல வருடம் கழித்துப் படித்தவர் லாவெல். நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூரில் வந்து தங்கிய அயர்லாந்து சிப்பாய். 1875இல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. முதலில் கைநஷ்டம். சாம்பியன் ரீஃப் தங்கப்படிவம் அகப்பட்ட பிறகுதான் இது ஊரானது.

வாரன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. லாவெல் பெயரில் பெங்களூரில் ரோடே இருக்கிறது. மண்ணை அலசிக் காட்டியவர் பெயர் என்ன? யாருக்கும் தெரியாது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று ஊருக்கும், கிஃபோர்ட் ஷாப்ட், ஹென்றி ஷாப்ட் என்று சுரங்கத்துக்குள் இறங்கும் குழிக்கும், எங்கும் துரைமார் பெயர். பூமிக்குள் இறங்கியவனுக்கு டோக்கன் எண். அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

ஒரு பெருமையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த மின்சாரம், சுமார் 150 கிலோமீட்டர் கம்பி வழியாக நேரே இங்கே வந்தது. பெங்களூருக்கு விளக்கு எரிந்தது 1905இல்தான். ரயிலில் பெங்களூர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் இதைச் சொல்லாமல் இறங்காதீர்கள்.

சரி, ஆட்கள். வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் நம் முன்னோர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார். பண்ணையாரிடம் கைகட்டி நிற்பதைவிடப் பாதாளமே மேல் என்று வந்தவர்கள். வந்து லைன் வீடுகளில் தட்டியும் தகரமுமாக வாழ்ந்தார்கள். ஆனால் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு இங்கே மாரிகுப்பத்தில் கிளை வைத்தவர்களும் அவர்கள்தான். அவர் நடத்திய ‘தமிழன்’ பத்திரிகை அவர் காலத்துக்குப் பின் இங்கிருந்தும் வெளிவந்தது. 1930இல் கைரேகை பதியச் சொன்னபோது, நாங்கள் என்ன திருடர்களா என்று வேலைநிறுத்தம் செய்ததும் இந்த ஊர்தான்.

என் பாட்டி கதை ஒன்று. 1960களில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏழாயிரம் அடிக்கும் கீழே, விஞ்ஞானிகள் வந்து கருவி வைத்தார்கள். பம்பாய்க்காரர்கள், ஜப்பான்காரர்கள், இங்கிலாந்துக்காரர்கள். தாத்தாவுக்குச் சில நாள் அவர்களுடைய இரும்புப் பெட்டிகளைத் தள்ளும் வேலை. அந்த ஆழத்தில் பாறையே சுடும். கோவணம் கட்டியவனே பாக்கியவான். அந்தச் சூட்டிலும் ஒரு ஜப்பான்காரர் பெட்டிக்குப் பெட்டி தாத்தாவுக்குத் தலைகுனிந்து வணக்கம் சொன்னாராம். தாத்தாவும் பதிலுக்குக் குனிந்தாராம். இவர் குனிய, அவர் குனிய, பெட்டி நகரவில்லை. மேஸ்திரி வந்து கத்திய பிறகுதான் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

ராத்திரி வீட்டில் பாட்டி கேட்டாள்: “இன்னாய்யா தேடறாங்க, நமக்குத் தெரியாத தங்கமா?”

“தங்கம் இல்லடி. நியூட்ரினோவாம். கண்ணுக்குத் தெரியாதாம். கனமே கெடையாதாம். வானத்துலேர்ந்து வந்து நம்ம எல்லாரையும் துளைச்சிக்கினு போய்க்கினே இருக்குமாம். எங்கியும் நிக்காதாம்.”

பாட்டி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாளாம்: “இதுக்கு ஏன் அவ்ளோ ஆழம் போறாங்க? ஒன் சம்பளக் கவரைப் பிரிச்சா தெரியுமே!”

சிரியுங்கள். ஆனால் 1965இல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ உலகில் முதன்முதலாகப் பதிவான இரண்டு இடங்களில் ஒன்று நம் சுரங்கம், மற்றது தென்னாப்பிரிக்காவில். பெட்டி தள்ளியவர் பெயர் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் வரும்?

2001 பிப்ரவரி 28. சுரங்கத்தை மூடிய நாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று முன்வரிசைக்கு நான் சொல்லத் தேவையில்லை. 120 வருடத்தில் 800 டன் தங்கம் கொடுத்த பூமி. தண்ணீர் இறைக்கும் பம்புகளை நிறுத்தினார்கள்; பத்தாயிரம் அடிப் பள்ளத்தில் தண்ணீர் ஏறியது. சங்கு நின்றது. நம் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிகுப்பம் ரயில் ஏறி பெங்களூர் போய் இரவில் திரும்புகிறார்கள். யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, மற்றவர்களுக்குத் தெரிகிறது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் இன்னும் எவ்வளவு தங்கம் மிச்சம் என்று அவ்வப்போது கணக்குப் போடுகிறார்கள். காற்றடித்தால் அந்தத் தூசியைத் தின்கிறவர்கள் கணக்கில் வருவதில்லை.

அந்த ஆயிரம் பொன்னில் நான் கேட்பது ஒன்றுதான். சுரங்கத் தொழிலாளருக்கு ஒரு அருங்காட்சியகம். துரைமார் பங்களாவின் நாற்காலி வேண்டாம், அது போட்டோவில் நிறைய இருக்கிறது. ஒரு சுவர், அதில் பெயர்கள். ராக் பர்ஸ்ட்டில் பாறை வெடித்து உள்ளேயே போனவர்கள், கல்தூசி தின்று நுரையீரல் நோயில் வீட்டில் இருமி இருமிப் போனவர்கள். வீட்டில் அலமாரிப் பாத்திரம் அதிர்ந்தாலே ஷாப்டுக்கு ஓடிய பெண்கள் பெயரும் வேண்டும். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் தலையாட்டுகிறார்கள். சாட்சிக்கு இத்தனை பேர் இருக்கிறீர்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பரணில் கிடக்கும் ஹெல்மெட், விளக்கு, சம்பளச் சீட்டு எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். பேரப்பிள்ளைகளே, அந்த செல்போனில் தாத்தா பேசுவதைப் பதிந்துவையுங்கள்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது விஷயம், நம் ஊர்த் தமிழ், அடுத்த வருடம் பார்க்கலாம். கூப்பிட்டால்.

இது என் தாத்தாவின் பித்தளை டோக்கன். முதல் பொருளாக இந்த மேசையில் வைக்கிறேன். ஒரு பக்கம் எண் மட்டும்தான் இருந்தது. பின்பக்கம் காகிதம் ஒட்டி அவர் பெயரை எழுதியிருக்கிறேன். வணக்கம்.